பிராசசர் சும்மா இருக்கும் நேரம்

சித்தப்பாவின் மடிக்கணினி திறந்து முடிக்க ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பல் துலக்கி, காபி குடித்துவிட்டு வருவார். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருக் கடை ஒன்றில் காட்டியபோது, "பிராசசர் பழையதாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். அது திறக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. பிராசசரின் பயன்பாடு 6 சதவீதம். ஹார்ட் டிஸ்க்கின் பயன்பாடு 100 சதவீதம்.

இந்த இரண்டு எண்களில் நோய் முழுவதும் இருக்கிறது. எழுத்தர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், பேனாவும் கையில் இருக்கிறது. ஆவண அறைக்குப் போன உதவியாளர்தான் கோப்போடு இன்னும் திரும்பவில்லை. எழுத்தரை மாற்றி என்ன பயன்?

(பிராசசர் என்பதைத் தமிழில் 'செயலி' என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்களுக்கும் கொடுத்துவிட்டோம். குழப்பம் வேண்டாமென்று இங்கே பிராசசர் என்றே எழுதுகிறேன்.)

பள்ளிப் பாடத்தில் கணினியின் அமைப்பைப் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டினார்கள்: உள்ளீட்டகம், மையச் செயலகம், நினைவகம், வெளியீட்டகம், இடையில் அம்புக்குறிகள். படம் தவறில்லை. ஆனால் அம்புக்குறிகளுக்கு நீளம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. ஓர் அம்பைக் கடக்க ஒரு நொடி என்றால் இன்னோர் அம்பைக் கடக்க ஒரு வருடம் ஆகும் என்பது தெரிந்திருந்தால், கணினிக்குள் இருக்கும் பாதிப் பொருள்கள் எதற்காக அங்கே வந்து உட்கார்ந்தன என்பது அன்றைக்கே விளங்கியிருக்கும்.

அந்தப் படத்தின் மூலம் 1945-இல் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற ராட்சசக் கணக்கியந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். கூட்டல் கழித்தலில் புலி. ஆனால் ஒரு கணக்கை முடித்து வேறு வகைக் கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றால், கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க நாள்கணக்கில் ஆகும். செய்ய வேண்டிய கட்டளைகளையும் எண்களாக மாற்றி, தரவு இருக்கும் அதே நினைவகத்தில் வைத்துவிட்டால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. அடுத்த இயந்திரமான எட்வாக் பற்றிய அறிக்கையாக அதை எழுதியவர் ஜான் ஃபான் நாய்மன். யோசனையில் பங்குள்ள எக்கர்ட், மாக்லி இருவரின் பெயரும் அட்டையில் இல்லை. அந்த மனக்கசப்பு கடைசிவரை தீரவில்லை.

இன்று உங்கள் கைப்பேசியும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. பிராசசர் நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும், அது என்ன சொல்கிறதென்று பிரித்துப் பார்க்கும், தேவையான எண்களை மறுபடி நினைவகத்திலிருந்து எடுக்கும், கணக்கைச் செய்யும், விடையைத் திருப்பி வைக்கும். பிறகு அடுத்த கட்டளை. கம்பி பிடுங்கும் வேலை ஒழிந்தது. ஆனால் கட்டளையும் தரவும் ஒரே இடத்தில் இருப்பதால், எல்லாம் ஒரே ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் போய்வர வேண்டும். ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ், 1977-இல் டியூரிங் விருது ஏற்புரையில் இந்தப் பாதைக்கு 'ஃபான் நாய்மன் இடுக்கு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது, இடுக்கும் நிலைத்துவிட்டது.

நினைவகத்துக்காகக் காத்திருப்பது முதல் நாளிலேயே தொடங்கியது. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில், நினைவகத்தில் வைத்த நிரலை முதன்முதலாக ஓட்டிக் காட்டிய 'பேபி' இயந்திரத்தின் மொத்த நினைவகம் 1,024 பிட், அதாவது 128 பைட். யூனிகோடை இன்று வழக்கமாகச் சேமிக்கும் முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் பிடிக்கும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறியீடு. ஆக 42 குறியீடுகள். இந்தப் பத்தியின் முதல் வாக்கியம்கூட அதற்குள் அடங்காது. அந்த நினைவகம் தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒரு திரைக்குழாய். திரையில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தகவல் நிற்கும். நொடியின் சிறு பங்கிலேயே புள்ளி மங்கிவிடும் என்பதால், படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுவருடம் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழு ஓட்டிய எட்சாக் இயந்திரம் வேறு வழியில் போனது. பாதரசம் நிரப்பிய நீண்ட குழாயில் ஒரு முனையிலிருந்து பிட்டுகளை ஒலித்துடிப்பாக அனுப்புவார்கள். மறுமுனைக்கு வந்து சேர்ந்ததும் பிடித்துத் திரும்ப முதல் முனைக்கே அனுப்புவார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் வரை அது நினைவகம். உங்களுக்கு வேண்டிய எண் இப்போதுதான் முனையைத் தாண்டிப் போயிற்று என்றால், ஒரு சுற்று முடிந்து அது திரும்ப வரும்வரை ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி நிற்க வேண்டும். ஊர் விட்டுப் போன டவுன் பஸ் மாதிரி. இதே பாதரச முறையில் இயங்கிய பைலட் ஏஸ் இயந்திரத்துக்கு நிரல் எழுதியவர்கள், ஒரு கட்டளை முடியும் தறுவாயில் அடுத்த கட்டளை குழாயின் வாய்க்கு வந்து நிற்கும்படி கணக்குப் பார்த்து இடம் ஒதுக்கி எழுதினார்கள். மூளையைக் கசக்கும் வேலை. இப்போது பிராசசருக்குள் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் செய்துகொண்டிருப்பதும் வேறு வடிவத்தில் இதே வேலைதான்.

3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் கடிகாரம் ஒரு நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பு நேரத்தில் ஒளி போகும் தூரம் சுமார் 10 சென்டிமீட்டர். கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் தன் உரைகளுக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கட்டாக எடுத்துப் போய், "ஒரு நானோ வினாடி இவ்வளவுதான்" என்று ஆளுக்கொன்று கொடுப்பாராம். மதர்போர்டின் செம்புத் தடங்களில் மின்குறி ஒளியைவிட மெதுவாகத்தான் போகும். ஆக, இன்றைய நினைவகமான ரேம் செருகும் இடம் பிராசசருக்கு நாலு விரற்கடை தள்ளி இருப்பதே ஒரு விலை.

ஆனால் பெரிய விலை தூரத்துக்கு இல்லை, ரேமின் உள்ளே நடப்பதற்குத்தான். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966-இல் யோசித்த ஏற்பாடு அது: ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரே ஒரு குட்டி மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. இதைவிடச் சிக்கனமாகக் கட்ட முடியாது. அதனால்தான் விரல் நகமளவு சில்லில் கோடானுகோடி பிட்டுகள் அடங்குகின்றன. ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டைப் பானை. கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரிசையையும் வழக்கமாக 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை படித்து நிரப்பியாக வேண்டும். மான்செஸ்டர் திரைக்குழாயின் கதைதான். படிப்பதும் சுலபமில்லை. முதலில் வரிசையைத் திறக்க வேண்டும். கசிந்ததுபோக மிஞ்சிய துளி மின்னூட்டத்தைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். பிறகு நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படித்ததில் காலியானதைத் திரும்ப நிரப்ப வேண்டும். இதெல்லாம் இயற்பியல், அவசரப்படுத்தினால் நடக்காது.

எவ்வளவு நடக்கவில்லை என்பதற்கு ஒரு கணக்கு. இருபது வருடத்துக்கு முன் எல்லாக் கடையிலும் கிடைத்த டிடிஆர்-400 ரேமின் அட்டையில் 'சிஎல் 3' என்று போட்டிருக்கும். நெடுவரிசையைக் கேட்டபின் முதல் தகவல் வர 3 துடிப்பு என்று பொருள். துடிப்புக்கு 5 நானோ வினாடி. ஆக 15 நானோ வினாடி. டிடிஆர்5-4800 ரேமில் 'சிஎல் 40' என்றிருக்கும். அதன் துடிப்பு 0.417 நானோ வினாடி. 40-ஆல் பெருக்கினால் 16.7. எத்தனையோ தலைமுறைப் பிராசசர்கள் வந்து போனதற்குப் பிறகும் முதல் சொட்டுக்கான காத்திருப்பு குறையவே இல்லை, சற்றுக் கூடியிருக்கிறது. மாறியது எது? ஒருமுறை திறந்தபின் கொட்டும் அளவு. அது நொடிக்கு 3.2 கிகாபைட்டிலிருந்து 38.4 கிகாபைட்டாக, 12 மடங்கு ஆகியிருக்கிறது. சாலையை எட்டுவழியாக அகலப்படுத்தினார்கள். திருச்சிக்குப் போய்ச் சேரும் நேரம் அதேதான். விளம்பரத்தில் சாலையின் அகலம் மட்டுமே வரும்.

பிராசசர் ஒரு கோரிக்கையை விடுத்து, அது இடைக்கட்டங்களையெல்லாம் கடந்து ரேமுக்குப் போய்த் திரும்ப மொத்தம் 80, 100 நானோ வினாடி ஆகிறது. மனிதக் கணக்குக்கு மாற்றினால் இது உறைக்கும். பிராசசரின் ஒரு துடிப்பை ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அதன் மடியிலேயே இருக்கும் பதிவகத்திலிருந்து எண்ணை எடுக்க ஒரு நொடி. ரேமுக்குப் போய்வர நாலைந்து நிமிடம். சுற்றும் தட்டே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யிலிருந்து படித்துவர மூன்றரை நாள். மடிக்கணினியில் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில், படிக்கும் கை சரியான தடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றிவந்து, தகவல் கைக்குக் கிடைக்க 15 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை வருடம்.

சித்தப்பாவின் கணினியில் 4 கிகாபைட் ரேம். விண்டோஸும் உலாவியும் சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். நிரம்பினால் இயங்குதளம் நின்றுவிடாது; ரேமில் இப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி கண்டுபிடித்துக் கொடுத்த தந்திரம் இது. நிரலுக்கு இது தெரியாது. தன்னிடம் நிறைய நினைவகம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். நாலரை நிமிட வேலை ஒன்றரை வருட வேலையாக மாறும் இடம் அதுதான். புதுக் கணினி வாங்கவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டி, காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 4 கிகாபைட் ரேமைச் செருகினேன். அதே பிராசசர், அரை நிமிடத்துக்குள் திறந்துவிட்டது. சித்தப்பா இப்போது காபியை ஆற அமரக் குடிப்பதில்லை என்று சித்தி குறைப்பட்டுக்கொள்கிறார்.

டிஸ்க்கின் காத்திருப்பைக் காசு கொடுத்துத் தீர்த்துவிடலாம். ரேமின் நாலரை நிமிடம்? அதற்கு விடை நம் சமையலறையில் இருக்கிறது. கடுகு வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் யாரும் மளிகைக் கடைக்கு ஓடுவதில்லை, பரண்மேல் ஏறுவதுகூட இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. சின்னது, கொஞ்சம்தான் பிடிக்கும், ஆனால் கை எட்டும் தூரம். எட்சாக் கட்டிய அதே வில்க்ஸ் 1965-இல் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றில், பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்று எழுதினார். 1968-இல் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85-இல் ஐபிஎம் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. அதுதான் கேஷ்.

கேஷை ரேம் போல ஓட்டைப் பானையால் கட்டுவதில்லை. பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர். மின்சாரம் இருக்கும்வரை நிரப்பத் தேவையில்லை, உடனே பதில் சொல்லும். இடமும் காசும் அதிகம் தின்னும் என்பதால் சிறிதாகத்தான் வைக்க முடியும். அதையும் அடுக்கடுக்காக வைக்கிறார்கள்: கோருக்குள்ளேயே (பிராசசருக்குள் கணக்கு போடும் ஒவ்வொரு தனி அலகும் ஒரு கோர்) சில பத்து கிலோபைட், நம் கணக்கில் நாலைந்து நொடி, அதற்கடுத்து ஓரிரு மெகாபைட், கால் நிமிடம், எல்லாக் கோர்களுக்கும் பொதுவாகச் சில பத்து மெகாபைட், முக்கால் நிமிடம். 1989-இல் வந்த இன்டெல் 486 சில்லில் மொத்தமே 8 கிலோபைட் கேஷ். 2022-இல் ஏஎம்டி, ஒரு பிராசசரின் தலைமேல் இன்னொரு சில்லையே ஒட்டி மூன்றாம் நிலைக் கேஷை மட்டும் 96 மெகாபைட்டாக்கியது. கடிகாரம் அதன் முந்தைய மாடலைவிடக் குறைவு. ஆனாலும் பல விளையாட்டுகளில் முந்தியது.

கேஷுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு பைட் கேட்டால் ஒரு பைட்டோடு வராது. அதை ஒட்டியுள்ள 64 பைட்டையும் சேர்த்து அள்ளிவரும். பரணில் ஏறியவர் இறங்கும்போது புளியோடு மிளகாயையும் எடுத்துவருவதுபோல. பக்கத்துப் பொருளும் சீக்கிரம் தேவைப்படும் என்பது எதிர்பார்ப்பு. இது எவ்வளவு முக்கியம் என்பதை நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பத்து நிமிடத்தில் செய்து பார்த்துவிடலாம். சி மொழியில் 10,000 வரிசை, 10,000 நெடுவரிசை கொண்ட எண் கட்டம் ஒன்றை உருவாக்குங்கள். எண்ணுக்கு 4 பைட். எல்லாவற்றையும் கூட்டுங்கள், இரண்டு முறை: முதலில் வரிசை வரிசையாக, அடுத்து நெடுவரிசை நெடுவரிசையாக. கூட்டல்கள் அதே 10 கோடி, விடையும் அதே. ஆனால் சி மொழி வரிசையாகத்தான் எண்களை நினைவகத்தில் அடுக்குகிறது. வரிசைவழி போனால் ஒருமுறை அள்ளிய 64 பைட்டில் 16 எண்களும் பயன்படும். நெடுவரிசைவழி போனால் ஒவ்வோர் அடியும் 40,000 பைட் தாண்டிக் குதிப்பது. 16 எண்களை அள்ளிவந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மீதி 15-ஐக் கேட்க நாம் திரும்பி வரும்போது, இடையில் வந்த பத்தாயிரம் அள்ளல்கள் அவற்றை முதல் நிலைக் கேஷிலிருந்து வெளியே தள்ளியிருக்கும். நிரலில் வரிசைக்கும் நெடுவரிசைக்குமான இரண்டு சுழற்சிகளின் இடத்தை மாற்றிப் போட்டதற்கு நேரம் பல மடங்கு வேறுபடும். ஃபோர்ட்ரானில் அடுக்குமுறை தலைகீழ். அங்கே நெடுவரிசைவழிதான் வேகம்.

கேஷிலும் இல்லாதபோது என்ன செய்வது? சும்மா நிற்காதே, வேறு வேலையைப் பார் என்பதுதான் நவீன பிராசசரின் குணம். ஒரு கட்டளை தரவுக்காகக் காத்திருந்தால், அதற்குப் பின்னால் வரிசையில் உள்ள, அதைச் சாராத கட்டளைகளை முன்கூட்டி முடித்துவைத்துக்கொள்ளும். 'இப்படியானால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்ற கிளை வந்து, நிபந்தனையின் விடை இன்னும் வராவிட்டால், பழைய பழக்கத்தை வைத்து ஊகித்து ஒரு பக்கம் ஓடத் தொடங்கிவிடும். வாடிக்கையாளர் வாசற்படி ஏறும்போதே காபி கலக்கும் டீக்கடை மாஸ்டரைப் போல. ஊகம் சரியென்றால் நேரம் மிச்சம். தவறென்றால் கொட்டிவிட்டு டீ போட வேண்டியதுதான்.

கொட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு ஓட்டைகள் வெளிவந்தன. கூகுளின் பாதுகாப்புக் குழுவும் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் உட்படப் பலர் தனித்தனியே கண்டுபிடித்தவை. காபியைக் கொட்டியாயிற்று, ஆனால் டம்ளர் இன்னும் சுடுகிறதே! தவறான ஊகத்தில் பிராசசர் தொட்ட தரவு கேஷில் தங்கிவிடுகிறது. உளவு பார்க்கும் நிரல் அந்தத் தரவை நேரடியாகப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டம்ளராகத் தொட்டுப் பார்த்து, அதாவது எந்த முகவரி சட்டென்று பதில் சொல்கிறது, எது தாமதிக்கிறது என்று நேரத்தை அளந்து, கடவுச்சொல்லைப் பிட் பிட்டாக ஊகித்துவிடலாம். காத்திருப்பை மறைக்கக் கட்டிய ஏற்பாடு, காத்திருப்பின் அளவாலேயே கோள் சொன்னது. இயங்குதளங்களில் அவசர அவசரமாகப் போட்ட ஒட்டுகளால் சில வகை வேலைகளில் வேகம் குறைந்ததும் உண்மை.

கோர்களின் எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், கடைகளில் அதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். 2004-இல் இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெளியிடும் திட்டத்தைக் கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சூடு தாங்கவில்லை. மறுவருடம் இரட்டைக் கோர் வந்தது. 2023-இல்தான் வீட்டுக் கணினிப் பிராசசர் ஒன்று, அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டும், 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. கோர் கூடினால் கணக்கு போடும் கைகள் கூடும். ஆனால் எல்லாக் கைகளும் ஒரே ரேமைத்தான் கேட்கும். செயற்கை நுண்ணறிவுக்கான விலையுயர்ந்த சில்லுகளில் நினைவகச் சில்லுகளை மாடி மாடியாக அடுக்கி, கணக்கு போடும் சில்லுக்கு ஒட்டினாற்போல் வைப்பதும் இதனால்தான்.

இனி கணினி வாங்கப் போனால் பிராசசரின் பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணை விட்டு, மற்ற வரிகளைப் படியுங்கள். எஸ்.எஸ்.டி. இல்லாத கணினியை எந்த விலைக்கும் தொடாதீர்கள். ரேம் 16 கிகாபைட் என்றால் அது ஒரே அட்டையா, இரண்டு 8-ஆ என்று கேளுங்கள். இரண்டாக இருந்தால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு தடங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எத்தனை இடங்களில் ரேம் செருகியிருக்கிறது என்று அதிலேயே இருக்கும்.

ரேமைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1-இல் ரேம் பிராசசரின் உறைக்குள்ளேயே வந்துவிட்டது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். தூரம் குறைகிறது, மின்சாரம் மிச்சமாகிறது, தடத்தை அகலமாக்க முடிகிறது. சித்தப்பாவின் கணினியில் நான் செய்ததுபோலத் திருகாணியைக் கழற்றி இன்னொரு 4 கிகாபைட்டைச் செருக அவற்றில் இடமில்லை. வாங்கும் அன்றைக்கு எவ்வளவு ரேம் இருக்கிறதோ, அந்தக் கணினி வீட்டில் இருக்கும்வரை அவ்வளவுதான்.